ஏர் ஃபில்டரை மாற்றிய பிறகு கார்புரேட்டரைச் சரிசெய்வது எப்படி?

புதிய ஏர் ஃபில்டரை மாட்டிய பிறகு, ஆக்சிலரேட்டரைத் திருகினால் பைக் திணறுகிறதா? வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறதா? ஃபில்டரில் குறையில்லை. அது காற்றைத் தடையின்றி விடுகிறது. தடை குறைந்ததால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை மேலே இழுக்கும் உறிஞ்சு விசையும் குறைந்துவிட்டது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்த இந்தக் கலவையைத்தான் மெக்கானிக்குகள் லீன் என்பார்கள். பெட்ரோல் மிகுந்தால் ரிச்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும். லீன் கலவையில் முழு வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும், பிஸ்டனே உருகிப்போகலாம். ஆகவே, சரிசெய்யும்வரை பைக்கை விரட்டாதீர்கள்.

பழைய ஃபில்டர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் ஃபில்டரை மட்டும் மாற்றியிருந்தால், பெரும்பாலும் சிறு திருத்தமே போதும். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை நேரடியாக மாட்டியவர்களுக்குத்தான் கீழே உள்ள எல்லாமே தேவைப்படும்.

தொடங்கும் முன்

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே காற்று புகும். அதை மாற்றாமல் எந்த ஜெட்டை (பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட பித்தளைத் துண்டு) போட்டாலும் வீண் வேலை. ஸ்பார்க் பிளக் நல்ல நிலையில் இருக்கட்டும்.

திருப்புளியிலும் கவனம் வேண்டும். ஜப்பானியக் கார்புரேட்டர்களின் திருகுகளுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரநிலை) முனை கொண்ட திருப்புளிதான் பொருந்தும். சாதாரண பிளஸ் திருப்புளி வழுக்கித் திருகின் தலையைத் தேய்த்துவிடும்.

அடுத்து, ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப்பையும் அதன் அருகிலுள்ள அசையாத பகுதியில் இன்னொரு துண்டையும் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று கோடு போடுங்கள். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். கார்புரேட்டரின் எந்தப் பாகம் பெட்ரோலைத் தருகிறது என்பதை முடிவு செய்வது ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான். பைக்கின் வேகமோ கியரோ அல்ல. கால் பங்குவரை பைலட் ஜெட் எனும் சிறிய ஜெட், கால் முதல் முக்கால்வரை மேலே ஏறி இறங்கிப் பெட்ரோலின் அளவை மாற்றும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட் எனும் பெரிய ஜெட். பைக் திணறும்போது டேப்பைப் பார்த்தால் குறை எந்தப் பாகத்தில் என்பது உடனே தெரிந்துவிடும்.

படி 1: மெயின் ஜெட்

எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாதபோது வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடியிலிருக்கும் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். நடுவில் தெரியும் பித்தளைத் துண்டுதான் மெயின் ஜெட். அதில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகுனி, கெய்ஹின் ஆகிய இரு கார்புரேட்டர் நிறுவனங்களின் எண்களும் ஒரே அளவைக் குறிப்பவை அல்ல. உங்கள் கார்புரேட்டருக்குரிய ஜெட்டையே வாங்குங்கள்.

சற்றுப் பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வருவதே என் வழி. ரிச் கலவையால் புகையும் மந்தமும் வரும். லீன் கலவையால் எஞ்சினே போகும்.

போக்குவரத்து இல்லாத, பாதுகாப்பான நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து ஓட்டி, பிறகு இம்மியளவு மட்டும் குறையுங்கள். குறைத்த அந்த நொடியில் பைக் முன்னைவிட உற்சாகமாக இழுத்தால் கலவை லீன். அடுத்த பெரிய ஜெட் வேண்டும். விட்டுவிட்டு இழுத்தால் ரிச். வேகம் சீராக, லேசாகத் தணிந்தால் ஜெட் சரியானது.

படி 2: ஊசி

இப்போது பாதி திறப்பில் ஓட்டிப் பாருங்கள். தயங்கினால் ஊசியை வெளியே எடுத்து, அதன் மேல்பக்கப் பள்ளம் ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பைக் கவனியுங்கள். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே உயரும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். புதியவர்கள் தலைகீழாகச் செய்துவிடும் இடம் இதுதான். சில ஊசிகளில் பள்ளங்களே இருக்காது. அவற்றின் தலைக்கு அடியில் மிக மெல்லிய வாஷரை வைத்து உயர்த்தலாம். ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டராக இருந்தால், மூடும்போது சவ்வின் விளிம்பு மடியாமல் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

படி 3: பைலட் திருகு

எஞ்சினை நன்கு சூடாக்குங்கள். குறைந்த திறப்பில் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகு கார்புரேட்டரின் எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு. வெளியே திருக ரிச் ஆகும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருக லீன் ஆகும். முதலில் மென்மையாக உள்ளே மூடி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி மூடினால் அதன் கூர்முனை சிதைந்துவிடும்.

அங்கிருந்து கால் சுற்றாக இரு பக்கமும் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் பொறுத்திருந்து ஓசையைக் கேளுங்கள். எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஐடிலிங் வேகத்தை அதற்கான தனித் திருகால் குறையுங்கள். பெட்ரோல் திருகு மூன்று சுற்றுகளைத் தாண்டியும் போதவில்லை என்றால் அடுத்த பெரிய பைலட் ஜெட் தேவை.

படி 4: பிளக் சொல்லும் செய்தி

சில நாள் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், கரி படிந்திருந்தால் ரிச். ஒரு தெருவைச் சுற்றி வந்துவிட்டு நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிறம் படிய நேரமாகும்.

எந்தப் படியிலும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஜெட் எண், கிளிப்பின் பள்ளம், திருகின் சுற்று மூன்றையும் எழுதி இருக்கைக்கு அடியில் வையுங்கள். உயரமான மலைப்பகுதிக்குச் சென்றால் காற்று மெலிந்து இதே கலவை ரிச் ஆகிவிடும். அப்போது இந்தக் குறிப்பு உதவும். எண்ணெய் பூசும் பருத்தி ஃபில்டரைக் கழுவிய பிறகு அளவுக்கு மீறி எண்ணெய் விட்டாலும் கலவை இப்படி ரிச் ஆகும். அந்த நேரத்தில் ஜெட்டைத் தொடாமல் முதலில் ஃபில்டரைத் துடையுங்கள்.