டிவி கேமைக் கேம் பாய்க்குக் கொண்டுவருவது எப்படி: முதல் லெவல் வரை ஒரு செய்முறை

1992இல் வந்த சோனிக் 2 செகாவின் டிவி கருவியான மாஸ்டர் சிஸ்டத்திலும் கையடக்கமான கேம் கியரிலும் வெளியானது. இரண்டின் வன்பொருளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மாஸ்டர் சிஸ்டத்தின் திரை 256 × 192 பிக்சல், கேம் கியரின் திரை 160 × 144. இந்த வித்தியாசம் முதல் பாஸிலேயே (பகுதி முடிவில் வரும் பெரிய எதிரி) தெரிந்துவிடும். சரிவில் சோனிக் நிற்க, மேலிருந்து குண்டுகள் துள்ளித் துள்ளி வரும். மாஸ்டர் சிஸ்டத்தில் குண்டு எங்கே விழும் என்று பார்த்து நகர நேரம் இருக்கும். கேம் கியரில் குண்டு கண்ணில் படும்போதே பக்கத்தில் வந்திருக்கும்.

போர்ட் செய்ய, அதாவது ஒரு கருவியின் கேமை இன்னொன்றுக்கு மாற்றி எழுத, உட்காரும் எவரும் முதலில் ஆடிப் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். திரை சிறிதானால் ஆடுபவருக்குப் பார்த்துச் செயல்படக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் போர்ட் செய்பவரின் முதல் வேலை என்பது என் கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு, 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் போன்ற ஒரு என்.இ.எஸ். (நின்டெண்டோவின் டிவி கருவி) பிளாட்ஃபார்ம் கேமை, அதாவது ஓடிக் குதித்து முன்னேறும் கேமை, அதே நிறுவனத்தின் கையடக்கக் கருவியான, 1989இல் வந்த பழைய கேம் பாயில் ஓடவைப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த இணைக்குச் சில வசதிகள் உண்டு. இரண்டிலும் பொத்தான்கள் ஒன்றே: திசைப் பலகை, ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட். இரண்டும் விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம் (அசையாப் படம்) காட்டுகின்றன. அதனால் ஒரு ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று அங்கே அளந்த வேகத்தை இங்கே அப்படியே எழுதலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பிடித்த கேமின் படங்களையும் இசையையும் உருவி எடுத்து ரோமாக்கி (கேம் கோப்பாக்கி) பரப்பாதீர்கள், அது உரிமை மீறல். பயிற்சிக்கு அசைவுகளையும் கேமராவையும் படித்துக்கொள்ளுங்கள். படத்தையும் லெவலையும் நீங்களே வரையுங்கள்.

தேவையானவை

சி மொழியில் எழுத ஜிபிடிகே-2020. லெவல் வரைய டைல்டு. ஓட்டிப் பார்க்கவும் பிழை தேடவும் எமுலிஷியஸ் எமுலேட்டர் (கணினியைக் கேம் பாய்போல் நடிக்கவைக்கும் மென்பொருள்). இசைக்கு ஹியூஜ்டிராக்கர். நான்கும் இலவசம். சி மொழியில் மாறி, வரிசை, நிபந்தனை, சுழற்சி தெரிந்திருந்தால் போதும்.

படி 1: அசலை அளந்து எழுதுங்கள்

நிரல் எழுதும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் கேமை ஒரு என்.இ.எஸ். எமுலேட்டரில் ஓட்டி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். வீரன் முழு வேகத்தில் ஓடும்போது 10 ஃபிரேமில் எத்தனை பிக்சல் நகர்கிறான்? குதித்தால் உச்சிக்குப் போக எத்தனை ஃபிரேம்? பொத்தானைச் சட்டென்று விட்டால் எவ்வளவு உயரம்? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நடை வேகம் ஃபிரேமுக்கு 1.5 பிக்சல், ஓட்டம் 2.5 பிக்சல். நின்ற இடத்திலிருந்து பொத்தானை அழுத்திப் பிடித்துக் குதித்தால் ஏறத்தாழ 64 பிக்சல், அதாவது 16 பிக்சல் கட்டங்களில் 4 கட்டம் உயரம்.

அடுத்து நேரக் கணக்கு. என்.இ.எஸ். திரையின் அகலம் 256 பிக்சல். ஓடும்போது வீரன் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் இருப்பதால் அவனுக்கு முன்னால் சுமார் 128 பிக்சல் தெரியும். 128ஐ 2.5ஆல் வகுத்தால் 51 ஃபிரேம், அதாவது 0.85 விநாடி. கேம் பாயின் 160 பிக்சல் திரையில் வீரனை நட்டநடுவில் நிறுத்தினால் முன்னால் 72 பிக்சல்தான் மிஞ்சும். 29 ஃபிரேம், அரை விநாடிகூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

படி 2: எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுங்கள்

வழிகள் மூன்று. ஒன்று, எல்லாவற்றையும் சிறியதாக வரைவது. 1989இன் சூப்பர் மாரியோ லேண்டில் மாரியோ குட்டியாக இருப்பதால் சின்னத் திரையிலும் நிறைய இடம் தெரிகிறது. இரண்டு, படங்களை அதே அளவில் வைத்துவிட்டுத் திரையில் தெரியும் பகுதியைக் குறைப்பது. 1999இல் கேம் பாய் கலருக்கு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் இதைத்தான் செய்தது. மேல், கீழ் பொத்தான்களால் காட்சியை நகர்த்திப் பார்க்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தது. மூன்று, பாத்திரங்களைப் பெரிதாக வைத்து லெவல்களைப் புதிதாகவே அமைப்பது. 1992இன் சூப்பர் மாரியோ லேண்ட் 2 இந்த வகை.

முதன்முறை செய்பவர்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். 16 பிக்சல் கட்டமும் அதே வேகமும் அதே குதிப்பும் அப்படியே இருக்கும், கை பழகிய உணர்வு மாறாது. கேமராவையும் லெவலையும் மட்டும் சரிசெய்தால் போதும்.

படி 3: குதிப்பை முதலில் முடியுங்கள்

பின்னணி வேண்டாம், எதிரி வேண்டாம். ஒரு தரை, ஒரு சதுரம். குதிப்பு கைக்கு இதமாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கேம் பாயின் சிப் பெருக்கல்கூடத் தெரியாதது, தசம எண்ணுக்கு வழியே இல்லை. அதனால் ஒரு பிக்சலை 16 துண்டாகப் பாவிக்கிறோம். 2.5 பிக்சல் என்பது 40 துண்டு, 1.5 என்பது 24. இடத்தையும் வேகத்தையும் துண்டுகளிலேயே வைத்துக்கொண்டு, வரையும்போது மட்டும் 4 பிட் வலப்பக்கம் தள்ளினால் (அதாவது 16ஆல் வகுத்தால்) பிக்சல் கிடைத்துவிடும்.

குதிப்புக்கு இந்த எண்களில் தொடங்குங்கள். பொத்தானை அழுத்தியதும் மேல்நோக்கிய வேகம் 64 துண்டு. ஏறும்போது, பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஒவ்வொரு ஃபிரேமிலும் அதிலிருந்து 2 குறையுங்கள். விட்டுவிட்டாலோ உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினாலோ 2க்குப் பதில் 7. இறங்கும் வேகம் 64ஐத் தாண்ட விடாதீர்கள்.

பிடித்தால் 4 கட்டம், தட்டிவிட்டால் ஒரு கட்டத்துக்குச் சற்று மேல். ஏறுவது நிதானமாகவும் இறங்குவது வேகமாகவும் இருக்கும். அந்த 2ஐ 3ஆக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வீரன் கல்லாகிவிட்டதுபோல் இருக்கும். இவ்வளவு சின்ன எண்ணில் ஒரு கேமின் உயிர் இருப்பதைக் கையாலேயே உணரலாம்.

நான் பட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். வீரன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தான். லெவலின் நடுவில் 128ஆவது கட்டத்தைத் தாண்டியதும் காணாமல் போனான், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இரண்டு நாள் மோதலைக் கவனிக்கும் நிரலையே துருவிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு: இடத்தை வைத்திருந்த மாறி எதிர்மறையும் ஏற்கும் 16 பிட் வகை. அதன் உச்சம் 32,767. 16 துண்டு வீதம் 2,048 பிக்சல், சரியாக 128 கட்டம். குறியில்லாத 16 பிட்டாக மாற்றியதும் 256 கட்டம்வரை இடம் கிடைத்தது. எல்லா ‘மர்ம’ பிழையிலும் முதலில் அது நிகழும் இடத்தை எண்ணாக எழுதிப் பாருங்கள். 128, 256 என்று வந்தால் மாறியின் அளவைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று: ஸ்ப்ரைட்டை (பின்னணிக்கு மேல் நகரும் சிறு படம்) 0, 0 இடத்தில் வைத்தால் தெரியாது. கேம் பாயில் திரையின் இடது மேல் மூலை 8, 16இல் தொடங்குகிறது.

படி 4: லெவலை வரிசை வரிசையாக அல்ல, தூண் தூணாகச் சேமியுங்கள்

அசலின் ஆடுகளம் 13 கட்ட உயரம், அதாவது 208 பிக்சல். 200 கட்ட நீளமுள்ள லெவலை ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் எழுதினால் 2,600 பைட்தான். உடையும் செங்கல் இருந்தால் லெவலின் நகலை ரேமில் வைக்க வேண்டும், ஏனென்றால் கார்ட்ரிட்ஜின் ரோம் நினைவகத்தில் எதையும் மாற்ற முடியாது. ரேம் 8 கிலோபைட், தாராளமாக அடங்கும்.

பின்னணி நினைவகம் 32 × 32 டைல் (8 × 8 பிக்சல் துண்டுப் படம்), அதாவது 256 பிக்சல் சதுரம். திரை அதில் ஒரு ஜன்னல்போல் நகர்கிறது, விளிம்பைத் தாண்டினால் மறுபக்கம் சுற்றி வருகிறது. கேமரா 8 பிக்சல் நகரும்போதெல்லாம், நகரும் திசையில் கண்ணில் படப்போகும் அடுத்த டைல் தூணை முன்கூட்டியே வரைந்துவிட வேண்டும். முழு வேகத்தில் ஓடினாலும் 3 ஃபிரேமுக்கு ஒரு தூண்தான்.

இங்கே ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. 13 கட்டம் என்றால் 26 டைல் உயரம். பின்னணி நினைவகமோ 32 டைல். அதாவது லெவலின் முழு உயரமும் உள்ளே அடங்கிவிடுகிறது! ஒவ்வொரு தூணையும் 26 டைலும் சேர்த்தே வரைந்துவிட்டால், கேமராவை மேலும் கீழும் நகர்த்த எதையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

வரையும் வேலையைத் திரை ஓய்வாக இருக்கும் இடைவெளியில் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் சுமார் 1.1 மில்லி விநாடி கிடைக்கும். எந்த டைல்கள் என்று முன்பே ஒரு சிறு வரிசையில் எடுத்துவைத்துக்கொண்டு, இடைவெளி வந்ததும் கொட்டிவிடுங்கள்.

படி 5: கேமரா

இழந்த நேரத்தை இங்கேதான் மீட்கிறோம். வலப்பக்கம் ஓடும்போது வீரனைத் திரையின் நடுவில் வைக்காமல் இடப்பக்கம் 40ஆவது பிக்சலில் வையுங்கள். முன்னால் 104 பிக்சல் தெரியும். 42 ஃபிரேம், ஏறத்தாழ 0.7 விநாடி. அசலின் 0.85ஐ முழுதாக எட்டவில்லை, ஆனால் அரை விநாடியிலிருந்து பெரிய முன்னேற்றம்.

திரும்பி ஓடினால் கேமரா சட்டென்று தாவக்கூடாது. வீரனைவிட ஃபிரேமுக்கு ஒரு பிக்சல் வேகமாக மட்டும் நகர்ந்து புது இடத்தைப் பிடிக்கட்டும். ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் ஆடுபவர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்க, திரும்பி 16 பிக்சல் போன பிறகே கேமரா அசையும்படி செய்யுங்கள்.

செங்குத்துக் கேமராதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ஒவ்வொரு குதிப்புக்கும் கேமரா ஏறி இறங்கினால் பார்ப்பவருக்குக் கடல் பயணம்போல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: திரை உயரம் 144, ஸ்கோர் பட்டைக்கு அடியில் 8 போனால் 136. 208 உயர லெவலின் அடிப்பாகத்தைக் காட்டும்போது திரையின் மேல் விளிம்பு 72இல் இருக்கும். இரண்டு கட்டத் தரையில் நிற்கும் வீரனின் பாதம் 176இல். 16 உயரமுள்ள அவன் 64 பிக்சல் குதித்தாலும் தலை 96ஐத்தான் தொடும். இன்னும் 24 பிக்சல் மிச்சம். ஆக, தரையிலிருந்து குதிக்கும்போது கேமரா அசையவே தேவையில்லை. வீரன் உயரமான மேடையில் காலூன்றிய பிறகு மட்டும் மெதுவாக மேலே நகர்த்துங்கள். விழும்போது மட்டும் உடனே பின்தொடருங்கள், ஏனென்றால் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஸ்கோர் பட்டையை ஏன் அடியில் வைத்தேன் என்றால், கேம் பாயின் விண்டோ அடுக்கு (பின்னணிக்கு மேல் நகராமல் நிற்கும் படலம்) தொடங்கிய வரியிலிருந்து திரையின் அடிவரை மூடிவிடும். மேலே வைப்பதற்கு, திரை வரையப்படும் நடுவிலேயே அந்த அடுக்கை அணைக்கும் குறுக்கீடு (இன்டரப்ட்) எழுத வேண்டும். முதல் கேமில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

படி 6: லெவலைத் திருத்துங்கள்

தரையில் நிற்கும்போது இரண்டாம் அடுக்குச் செங்கற்கள் கண்ணில் படாமல் போகலாம். அவற்றை ஒரு கட்டம் இறக்குங்கள், அல்லது அங்கே ஏற வழிகாட்டும்படி ஒரு நாணயத்தைத் தொங்கவிடுங்கள். மேல் பொத்தானை அழுத்தினால் கேமரா உயர்வதையும் சேர்த்துவிடலாம்.

எதிரிகள் அசலில் திரை விளிம்புக்கு அருகே வந்ததும் நடக்கத் தொடங்குபவர்கள். இங்கே விளிம்பு கிட்டத்தில் இருப்பதால் அவர்கள் தாமதமாக விழிப்பார்கள், சந்திக்கும் இடமும் மாறிவிடும். ஒவ்வொருவரையும் ஓடிப் பார்த்து, கட்டம் கட்டமாக நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லெவலுக்கு ஒரு மாலை முழுதும் ஆகும். அந்த மாலையைச் செலவழியுங்கள்.

ஒரு வரியில் 10 ஸ்ப்ரைட்டுக்கு மேல் தெரியாது. 16 பிக்சல் அகலப் பாத்திரம் ஒன்றுக்கு இரண்டு ஆகும். அதனால் ஒரே உயரத்தில் வீரனோடு சேர்த்து ஐந்து பேர்தான்.

படி 7: நிறமும் ஒலியும்

நான்கு சாயல்களே உண்டு, ஸ்ப்ரைட்டுக்கு மூன்றுதான். பின்னணியை வெளிர் சாயல்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருப்புச் சாயலை வீரன், எதிரி, ஆபத்து ஆகியவற்றின் வெளிக்கோட்டுக்கு ஒதுக்குங்கள். அந்தத் திரை மெதுவாக மாறுவது, வேகமாக ஓடும்போது நுணுக்கமான பின்னணி எல்லாம் சாம்பல் புகையாகிவிடும்.

ஒலி எளிது. என்.இ.எஸ்.ஸின் இரண்டு பல்ஸ் (சதுர அலை) சேனல்களும் நாய்ஸும் (இரைச்சல்) இங்கேயும் உள்ளன. முக்கோண அலைக்குப் பதிலாக, 32 புள்ளிகள் கொண்ட அலை சேனலில் முக்கோண வடிவத்தை எழுதிக்கொள்ளலாம். குதிக்கும் சத்தத்துக்கு முதல் பல்ஸ் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள், சுருதி தானாக வழுக்கி ஏறும் வசதி அதில் மட்டும்தான் உண்டு.

படி 8: கையில் வைத்து ஆடுங்கள்

எமுலேட்டரில் பெரிதாக்கி, பிரகாசமான மானிட்டரில் பார்த்ததை நம்பாதீர்கள். ரோமை ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் (நாமே ரோமை எழுதக்கூடிய கார்ட்ரிட்ஜ்) ஏற்றி, நிஜக் கேம் பாயில், பின்னொளி இல்லாத அந்தத் திரையில் ஓட்டுங்கள். அசலை நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சாகும் இடத்தையெல்லாம் நோட்டில் குறியுங்கள். ‘ஐயோ, தப்பாகக் குதித்துவிட்டேன்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘இது எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்டால், அந்த இடத்தில் வீரனுக்கு முன்னால் எத்தனை பிக்சல் தெரிந்தது என்று அளந்து, படி 5க்கோ படி 6க்கோ திரும்பிப் போங்கள்.