மை டாய்: அடிக்கலவை ஒன்று, ரம் நாலு

மை டாய் என்கிற ரம் காக்டெயிலில் அன்னாசிச் சாறு உண்டா? நான் ஊற்ற மாட்டேன். 1944-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் 'டிரேடர் விக்' பெர்ஜரான் என்ற உணவகக்காரர் கலக்கியதில் அது கிடையாது, பிற்பாடு ஹவாய்க்குப் போனபோது வந்து ஒட்டிக்கொண்டது. அவரிடம் 17 ஆண்டு பீப்பாயில் கிடந்த ஜமைக்கா ரம் ஒன்று இருந்தது, அதன் ருசி எடுபடத்தான் மற்றதையெல்லாம் துளித்துளியாகச் சேர்த்தார். அதனால் விதவிதமாகப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ரம்மை மட்டும் மாற்றுங்கள். எலுமிச்சையையும் சர்க்கரையையும் கூடவே மாற்றினால் எது எந்த ருசியைக் கொடுத்தது என்று கடைசிவரை பிடிபடாது.

ஒரு முழுக் கிளாஸுக்கு ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மதுவான குராசாவ் 15, ஒர்ஜா என்கிற பாதாம் சிரப் 7, சர்க்கரைப் பாகு 7. நாலு ரம்மை ஒப்பிட நாலு முழுக் கிளாஸ் குடித்தால் மூன்றாவதிலேயே நாக்கு மரத்துப்போய்விடும் என்பதால் நான் பாதி அளவில்தான் போடுவேன். ஒரு ஜாடியில் சாறு 45, குராசாவ் 30, ஒர்ஜா 15, பாகு 15 ஊற்றிக் கலக்கி வையுங்கள். மொத்தம் 105 மில்லி, அதில் கிளாஸுக்கு 26, அதோடு ரம் 30. எலுமிச்சையை அப்போதைக்கப்போது பிழிய வேண்டும், பாட்டிலில் வருவது வேண்டவே வேண்டாம். ஒர்ஜாவை வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். எசென்ஸும் சர்க்கரையும் மட்டுமே இருந்த ஒன்றை வாங்கி நாலு கிளாஸையும் சோப்பு வாசனையாக்கி, அப்படியே சிங்கில் கொட்டியிருக்கிறேன்.

ஒவ்வொன்றையும் ஒரே எண்ணிக்கை ஐஸ் கட்டி போட்டுப் பத்து விநாடி குலுக்குங்கள். ஒன்றை மட்டும் அதிகமாகக் குலுக்கினால் அது நீர்த்துப்போகும், பழி ரம்மின் மேல் விழும். கிளாஸ் அடியில் ரம்மின் பெயரை ஒட்டிவிட்டு, இடம் மாற்றி வைக்க வேறு யாரையாவது கூப்பிடுங்கள், விலை கூடிய பாட்டிலுக்கு நாக்கு தானாகவே மார்க் போட்டுவிடும்.

குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். ஜமைக்கா ரம்மில் கறுத்துக் கனிந்த வாழைப்பழ வாசனை மூக்கைத் துளைக்கும், அது எலுமிச்சைக்கும் அடங்காது. கரும்புச் சாற்றிலிருந்தே வடிக்கும் மார்ட்டினிக் தீவின் அக்ரிகோல் ரம்மில் அறுத்த புல் மணம், கொஞ்சம் மிளகுக் காரம். கயானாவின் டெமராரா ரம் கருகிய சர்க்கரை மாதிரி, இது பாதாமோடு நன்றாகப் போகும், ஆனால் கனம். நாலாவதாக லேசான வெள்ளை ரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரம் இருக்கிற இடமே தெரியாது, மற்ற மூன்றும் என்ன செய்கின்றன என்பது அப்போதுதான் உறைக்கும். முதல் வாயில் முடிவு சொல்லாதீர்கள், இரண்டு நிமிடம் ஐஸ் கரைந்தபின் இன்னொரு வாய். அக்ரிகோல் அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் இரண்டைக் கலந்து பாருங்கள். பழைய சரக்கு தீர்ந்தபோது விக்கும் ஜமைக்கா ரம்மோடு மார்ட்டினிக் ரம்மைக் கலந்துதான் சமாளித்தார். எனக்குப் பிடித்தது ஜமைக்கா 40, அக்ரிகோல் 20. இதை முழுக் கிளாஸாகவே போடுங்கள், நொறுக்கிய ஐஸ், மேலே பிழிந்த எலுமிச்சை மூடி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிய புதினாக் கொத்து.