கேஸ் சிலிண்டருக்கும் காற்றோட்டம் வேண்டும்

சமையல் மேடைக்குக் கீழே கதவு போட்டு, அதற்குள் சிலிண்டரை வைத்து மூடிவிடுகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். அதனால் கதவின் அடிப்பக்கத்தில், தரையை ஒட்டியே காற்றுத் துளைகள் வேண்டும். மேல்பக்கம் மட்டும் துளை போட்டால் போதாது. தச்சர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். தீரப்போகிறதே என்று படுக்கவைத்து எரிப்பது வேண்டவே வேண்டாம். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் அப்படியே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், ரெகுலேட்டர் இணைப்பில் அவ்வப்போது சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் கேஸ் கசிவு அவசர உதவி எண் அது.