ஜெர்மனியில் முதல் மூன்று மாதம்: தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் கோவையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பியை அழைத்துவர ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பெட்டி நிறைய குக்கர், இட்லித் தட்டு, சாம்பார் பொடி எல்லாம் கொண்டுவந்திருந்தார். கல்யாணச் சான்றிதழின் அசல் மட்டும் ஊரில் பீரோவுக்குள் இருந்தது. மனைவி வந்து இங்கே முகவரியைப் பதிவு செய்யும்போது அதைக் கேட்பார்கள். கடைசியில் மாமனாரிடம் சொல்லி கூரியரில் வரவழைத்தோம்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஜெர்மனியில் ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அந்த வரிசை தெரிந்துவிட்டால் அலைச்சல் பாதியாகக் குறைந்துவிடும்.

கிளம்பும் முன்

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம், மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றின் அசலும் கைப்பையில் இருக்கட்டும். குழந்தைகள் இருந்தால் தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். தட்டம்மை ஊசி போட்டதற்கான சான்று இல்லாமல் இங்கே மழலையர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து இது சட்டம். மசாலா பொடியைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. முருங்கைக்காயிலிருந்து இடியாப்ப மாவு வரை கிடைக்கும்.

படி 1: தங்க இடம்

முதல் ஒன்றிரண்டு மாதம் தற்காலிக அறையில்தான் பெரும்பாலோர் தங்குகிறோம். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ள முடியுமா? சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அறைகளில் பல நேரம் முடியாது என்பார்கள். அப்படியென்றால் எவ்வளவு அழகான அறையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதிவு இல்லாமல் மற்ற வேலைகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

நிரந்தர வீடு தேடும்போது விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள். 'கால்ட்மீட்டே' என்பது வெறும் வீட்டு வாடகை. 'வார்ம்மீட்டே' என்பது தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டர் செலவும் சேர்ந்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் பொதுவாக இதில் வராது. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போடுங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது மோசடிதான். நல்ல படிப்பும் வேலையும் உள்ளவர்கள்கூட வீடு கிடைக்காத பதற்றத்தில் இதில் விழுந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்கள்தான். அடுக்களையில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. கூரையில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஒயர்கள் மட்டும் தொங்கும். முதல் நாள் மாலை இருட்டில் நிற்காமல் இருக்க ஒரு டேபிள் விளக்கு வாங்கிக்கொண்டு போங்கள். சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் எண் எல்லாவற்றையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதச் சொல்லி போட்டோவும் எடுத்துவையுங்கள். வீட்டைக் காலி செய்கிற நாளில் அந்தப் படங்கள்தான் உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றும்.

படி 2: தபால் பெட்டியில் பெயர்

சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. கீழே வாசலில் காலிங்பெல் பலகையும் தபால் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். இரண்டிலும் உங்கள் குடும்பப் பெயர் இருக்க வேண்டும். நம் ஊர் மாதிரி "மூன்றாவது மாடி, இடப்பக்கம்" என்று முகவரி எழுதும் வழக்கம் இங்கே இல்லை. வீட்டுக் கதவுக்கு எண்ணும் பெரும்பாலும் கிடையாது. பெட்டியில் இருக்கும் பெயரை வைத்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

நான் வந்த புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முகவரிப் பதிவுக்குப் பிறகு தபாலில் வர வேண்டிய வரி எண் வரும் வரும் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். பெட்டியில் முன்பு குடியிருந்தவர் பெயரே இருந்தது. நானும் அதைக் கவனிக்கவில்லை. அந்த எண் இல்லாததால் முதல் மாதச் சம்பளத்தில் ஆறாம் பிரிவு வரி பிடித்துவிட்டார்கள். இருப்பதிலேயே அதிக வரி அதுதான். சம்பளச் சீட்டைப் பார்த்தபோது ஊருக்கு என்ன அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எண் கிடைத்த பிறகு கணக்கைத் திருத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், அந்த மாதம் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது.

பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே ஒட்டுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். கடிதங்கள் அந்தப் பெயருக்குத்தான் வரும். அதனால் கூப்பிடும் பெயர், அப்பா பெயர் இரண்டையும் எழுதிவிடுங்கள். மனைவிக்கு வேறு குடும்பப் பெயர் என்றால் அதையும் சேருங்கள். நண்பர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். மஞ்சள் நிற உறை வந்தால் உடனே பிரியுங்கள். அது அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பியது. அதைப் பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 3: அன்மெல்டுங்

முகவரிப் பதிவுக்கு இங்கே 'அன்மெல்டுங்' என்று பெயர். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா, நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்ததை உறுதி செய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றும் வேண்டும். அந்தக் கடிதத்தின் ஜெர்மன் பெயரான 'வோனுங்ஸ்கேபர்-பெஷ்டேட்டிகுங்' வாயில் நுழையாது. வீட்டு ஒப்பந்தம் அதற்குப் பதிலாகாது. கையெழுத்துப் போடும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். குடும்பத்தோடு வந்தால் திருமண, பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும்.

நேரம் ஒதுக்குவது ஆன்லைனில். பெரிய ஊர்களில் வாரக்கணக்கில் இடம் இருக்காது. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் வரும்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. இதை விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது என்பதால் இங்கே சொல்கிறேன். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிந்தால் வருமான வரியோடு திருச்சபை வரியும் பிடிப்பார்கள். பவேரியாவிலும் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். நம் கிறித்தவ நண்பர்கள் சிலர் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார்கள். முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போங்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். பத்துப் பிரதி எடுத்துவையுங்கள். சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண் வாழ்நாள் முழுக்க மாறாது. அதன் பின்னால் ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று சொன்னாலும் கட்ட வேண்டும். ஆனால் அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவர் கட்டினால் போதும்.

படி 4: வங்கி, காப்பீடு, விசா

வங்கிக் கணக்கு திறந்தால் அட்டை ஒரு கடிதத்திலும் பின் எண் இன்னொரு கடிதத்திலும் வரும். மறுபடியும் தபால் பெட்டிதான்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் இங்கே இருக்க முடியாது. பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால் சம்பளத்தில் 14.6 சதவீதமும் அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலும் போகும். அதில் பாதியை நிறுவனம் கட்டும். வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ, குழந்தைகளோ தனிக் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேரலாம். குடும்பத்தை அழைத்துவர நினைப்பவர்கள், தனியார் காப்பீடு மலிவாகத் தெரிகிறது என்று அவசரப்பட்டு மாறாதீர்கள். பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது சுலபமில்லை.

விசா முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை உங்கள் பழைய உரிமை தொடரும். அதற்கு ஒரு இடைக்காலச் சான்றும் தருவார்கள். விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும்.

படி 5: உடம்பு சரியில்லையென்றால்

நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடுங்கள். ஜெர்மனில் 'ஹவுஸார்ட்ஸ்ட்'. காய்ச்சலோடு பத்து இடத்துக்குப் போன் செய்து "புதிய நோயாளிகளை எடுப்பதில்லை" என்று கேட்பது கொடுமை. இரவிலோ விடுமுறையிலோ உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லை என்றால் 116117. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தீ என்றால் 112. போலீஸுக்கு 110. மூன்றையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் அதைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

படி 6: வீட்டுக்குள்ளே

குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் மூன்றே மாதத்தில் மூலையில் கரும்பூசணம் படரும். நம் சமையலில் குக்கர் ஆவி, இட்லி ஆவி எல்லாம் அதிகம். துணியையும் உள்ளேயே காயப்போடுகிறோம். தினம் இரண்டு மூன்று முறை ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். நாள் முழுக்க ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் உள்ளே சாய்த்து வைப்பதில் பயனில்லை. ஹீட்டர் திருகில் 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பது தவறு, பில்தான் ஏறும்.

குப்பையில் காகிதம், மக்குவது, பிளாஸ்டிக் உறை, மீதி என்று தனித்தனி. கண்ணாடிப் போத்தல்களைத் தெருவோரத் தொட்டியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். தண்ணீர், ஜூஸ் பிளாஸ்டிக் போத்தலுக்கும் கேனுக்கும் கடையில் 25 சென்ட் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். நசுக்காமல் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போடுங்கள், சீட்டு வரும், கல்லாவில் கொடுத்தால் காசு. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கிவிடுங்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தால் உங்கள் கதவுக் கைப்பிடியில் 'கேர்வொக்கே' என்று எழுதிய சின்னப் பலகை தொங்கும். இந்த வாரம் மாடிப்படி கூட்டித் துடைக்க வேண்டியது உங்கள் முறை என்று அர்த்தம். 1492-இல் இந்த ஊருக்குப் போட்ட சட்டத்திலிருந்தே வருகிற பழக்கம் என்பார்கள். இப்போது வீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும்.

எனக்கு முதல் முறை வந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படிகளை மட்டும் துடைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து, ஈரத்துணியால் கைப்பிடிக் கம்பியை மேலிருந்து கீழ்வரை துடைத்துக் காட்டிவிட்டு, துணியை என் கையில் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து படியில் பார்த்தால் நின்று பேசுவார். நான் அவரை 'ஸீ' என்றுதான் கூப்பிடுவேன். அது நம் 'நீங்கள்'. 'டூ' என்றால் 'நீ'. பெரியவர்கள் தாங்களாகச் சொல்லும்வரை அதற்கு மாறக் கூடாது. இந்த மரியாதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்சல் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு அட்டையில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுப் போவார்கள். அட்டையில் இருக்கும் பெயரை வாசல் பலகையில் தேடி, இரவு எட்டு மணிக்குள் போய் பெல் அடியுங்கள். அட்டையையும் அடையாள அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.