‘வளர்ச்சி’ என்ற சொல்லில் தொடங்கும் குழப்பங்கள்

பொருளாதாரம் ஓயாமல் பெருத்துக்கொண்டே போக வேண்டுமா என்று கேட்கிற சூழலியல் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் தவறு நம் மொழியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘குரோத்’ ஒன்று, ‘டெவலப்மென்ட்’ வேறொன்று. நாம் இரண்டையும் ‘வளர்ச்சி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் ‘வளர்ச்சியைத் தாண்டிய பொருளாதாரம்’ என்று யாராவது பேச்செடுத்தால், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்கிறார் போல என்றுதான் காதில் விழுகிறது. அளவில் பெருப்பது வேறு, தரத்தில் உயர்வது வேறு என்பதைச் சூழலியல் பொருளாதார அறிஞர் ஹெர்மன் டேலி திரும்பத் திரும்பச் சொன்னார். 1988 முதல் 1994 வரை உலக வங்கியிலேயே வேலை பார்த்தவர் அவர். சூழலியல் பொருளாதாரம் கேள்வி கேட்பது பெருப்பதை மட்டும்தான். தரம் உயர்வதற்கு ‘மேம்பாடு’ என்ற சொல்லை ஒதுக்கிவைத்தாலே பாதிச் சண்டை தீரும்.

ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, ஏறினால் மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. வீட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீருக்கு யாரும் பில் போட்டதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, கிணறும் வற்றி, டேங்கர் லாரிக்குக் காசு கொடுத்தபோது அதே தண்ணீர் பொருளாதார நடவடிக்கையாகிவிட்டது. குடத்தோடு நின்றவருக்கு அது இழப்பு, கணக்கில் வரவு! தேசிய வருமானத்தை அளக்கும் முறைக்கு அடித்தளமிட்ட சைமன் குஸ்நெட்ஸே, அதை வைத்து ஒரு நாட்டின் நலனை எடைபோட முடியாது என்று 1934-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்திருந்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது தவறு: தொழில்நுட்பம் திறன் கூடினால் போதும், மிச்சம் தானே சரியாகும் என்ற நம்பிக்கை. நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் கூடுதல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு பிரிட்டனில் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, பெருகியது என்று பொருளாதார அறிஞர் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865-இலேயே காட்டினார். மலிவானது புதுப்புது இடங்களுக்குப் போனது. ஐந்து ஸ்டார் ஏசி வந்தபின் படுக்கையறையில் இருந்த ஒன்று கூடத்துக்கும் பரவுகிறதே, அதே கதைதான். (எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) 1970-இல் உலகம் பூமியிலிருந்து எடுத்த பொருள்களின் எடை சுமார் 3,000 கோடி டன். இப்போது ஆண்டுக்கு 10,000 கோடி டன்னுக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் எந்திரங்கள் ஒன்றும் மோசமாகிவிடவில்லை.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிரிட்டன் போன்ற சில நாடுகளில் பொருளாதாரம் வளர்ந்தபோதே கார்பன் உமிழ்வு குறைந்திருக்கிறது. இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வைச் சேர்த்தாலும் குறைவுதான். ‘அது நடக்கவே நடக்காது’ என்று சாதிப்பது வீண். காலநிலை கேட்கிற வேகத்தில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. இதுவரை இல்லை.

2020 ஊரடங்கைக் காட்டி ‘இதைத்தானே கேட்டீர்கள்’ என்பவர்கள் பட்டினியையும் விரதத்தையும் ஒன்றாக்குகிறார்கள். அந்த ஆண்டு உலகின் கார்பன் உமிழ்வு சுமார் 5 சதவீதம் குறைந்தது, அடுத்த ஆண்டே ஏறிவிட்டது. கால்நடையாக ஊர் திரும்பிய தொழிலாளர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். அது திட்டமில்லாத விழுகை. வேலை நேரத்தைப் பகிர்வது, மருத்துவமும் போக்குவரத்தும் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது, ஆடம்பர நுகர்வுக்கு வரம்பு வைப்பது என்பது வேறு பாதை. அதை முழுதாக நடத்திக் காட்டிய நாடு இன்னும் ஒன்றும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

‘ஏழை நாட்டுக்கு இந்த உபதேசமா?’ என்ற கோபம் நியாயம்தான், ஆனால் முகவரி தவறு. ஓர் அமெரிக்கரின் ஆண்டு கார்பன் உமிழ்வு சராசரியாக 14 டன் அளவில், இந்தியருடையது 2 டன் அளவில். குறைக்கச் சொல்வது முதலில் அங்கே. அதேசமயம் இங்கே வெயிலில் சித்தாள் வேலை பார்ப்பவரும் மூன்று கார் வைத்திருப்பவரும் அந்த 2 டன் சராசரிக்குள்தான் இருக்கிறார்கள். ஏழையின் எண்ணிக்கைக்குப் பின்னால் பணக்காரர் ஒளிந்துகொள்ள விடக் கூடாது.

இது மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்குவோர் தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவை மறந்துவிடுகிறார்கள். நிலக்கரியும் பெட்ரோலியமும் தேங்கிக் கிடக்கிற இருப்பு, எடுத்தால் தீரும். ஓடிவரும் ஆறும் வளரும் மரமும் தொடர்ந்து வருகிற வரவு என்று 1940-களிலேயே பிரித்தவர் அவர். காந்தியரானதால் அவரை ராட்டையோடு கட்டிப்போட்டு, பழைய கிராம ஏக்கம் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்திய ஆடிட்டர் அவர். முதலைக் கரைத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதினால், எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?