சின்ன ரிவால்வரில் ரப்பர் பிடியை மாற்றுவது எப்படி?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஜே-ஃபிரேம் என்ற சின்ன உடல் (ஃபிரேம்) கொண்ட ரிவால்வர்களில் (442, 642, 36 போன்ற மாடல்கள்) பிடியை மாற்ற, பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்குரூவைத்தான் கழற்ற வேண்டியிருக்கும். நிதானமாகச் செய்தாலும் பதினைந்து நிமிட வேலை. ஆனால் ஃபிரேமில் கீறல் விழுவதும் ஸ்குரூவின் தலை சிதைவதும் இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். வராத இடத்தில் நெம்புவதுதான் காரணம்.

பிடி வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜே-ஃபிரேமில் அடிப்பாகம் உருண்டையாக இருப்பது, சதுரமாக இருப்பது என்று இரண்டு வகை. இப்போது வருபவை உருண்டை. பழைய மாடல் 36 சிலவற்றில் சதுரம் இருக்கும். சதுர ஃபிரேமில் உருண்டைப் பிடி ஏறாது. இதைவிடப் பெரிய கே-ஃபிரேமுக்கான பிடியும் இதற்குச் சேராது. ஃபிரேமின் முதுகுப் பகுதியை (உள்ளங்கை படும் பின்புறத்தை) மூடும் ரப்பர் பிடி சுடும்போது வரும் உதையைக் கணிசமாகத் தணிக்கும். ஆனால் உள்ளங்கைக்கும் டிரிகருக்கும் நடுவே தூரம் கூடும், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியும் மாட்டும். பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு முதுகை மூடாத குட்டைப் பிடியே நல்லது.

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறந்து, குழாயின் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, தோட்டாக்களை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை முழுதாக அழுத்துங்கள். .38 ஸ்பெஷல் தோட்டா போடும் மாடலில், தோட்டா உட்காரும் குழிகள் ஐந்து. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டில் வேறொரு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். சிலிண்டரைக் கையால் மெதுவாக மூடுங்கள். உதறி மூடினால் அதைத் தாங்கும் கிரேன் வளையும். வேலைக்கு நடுவில் எழுந்து போய்த் திரும்பினால் மறுபடியும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வீட்டில் கிடக்கும் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். அதன் முனை ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் ஸ்குரூ காடியின் மேல் விளிம்பில் மட்டுமே பிடிக்கும். அழுத்தித் திருப்பினால் வழுக்கி ரப்பரைக் கிழிக்கும், இல்லையென்றால் ஃபிரேமில் கோடு போடும். துப்பாக்கி வேலைக்கென்றே விற்கும், பக்கங்கள் இணையாக இருக்கும் பிட்டை வாங்குங்கள். அது காடியின் அடிவரை இறங்க வேண்டும், அகலமும் காடியின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சில பிடிகளில் ஆலன் கீ போடும் ஸ்குரூ வரும்.

கழற்றுவது

இரண்டு துண்டாக வரும் பிடியில், ஒரு பக்கம் ஸ்குரூவின் தலை இருக்கும், எதிர்ப்பக்கம் மரை போட்ட உலோகத் துண்டு பதிந்திருக்கும். ஸ்குரூவை முழுதாகக் கழற்றாதீர்கள். மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஸ்குரூவின் தலையில் லேசாகத் தட்டுங்கள். ஸ்குரூ இன்னும் மரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால், எதிர்ப்பக்கத் துண்டு தானாக விலகும். பிறகு ஸ்குரூவை முழுதாக எடுத்துவிட்டு, ஃபிரேமின் திறந்த பகுதி வழியாக மற்றத் துண்டைக் கட்டைவிரலாலோ மரக்குச்சியாலோ உள்ளிருந்து தள்ளுங்கள். இடுக்கில் எதையும் நுழைத்து நெம்பத் தேவையே இல்லை.

ஹோக் மோனோகிரிப் போன்ற ஒற்றைத் துண்டுப் பிடியில் ஸ்குரூ அடியில் இருக்கும். அதைக் கழற்றிப் பிடியைக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். ஃபிரேமின் அடியில் குறுக்காக உள்ள 'பின்' என்ற சின்னக் கம்பியில் ஒரு சின்ன உலோகக் கொக்கி மாட்டியிருக்கும். அந்த ஸ்குரூ பிடிப்பது இந்தக் கொக்கியைத்தான். தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது உள்ளே, சுத்தியலைத் தள்ளும் சுருள் மெயின்ஸ்பிரிங் தெரியும். அதைத் தொட வேண்டாம். உள்பாகங்களை மூடும் பக்கத்தகட்டின் ஸ்குரூ ஒன்றும் தெரியும். அதையும் விட்டுவிடுங்கள், பிடி மாற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரப்பருக்கு அடியில் வியர்வை தங்கும். 642-இன் ஃபிரேம் அலுமினியம் என்பதால் துருப் பிடிக்காது, ஆனால் ஸ்பிரிங்கும் பின்னும் எஃகு. நைலான் பிரஷால் தேய்த்து, மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் நாளடைவில் ரப்பர் ஊறிப் போகும்.

மாட்டுவது

ஸ்குரூ இல்லாமலே இரண்டு துண்டுகளையும் வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். இணைப்புக் கோடு முழுக்க மூட வேண்டும். இடைவெளி இருந்தால், ஃபிரேமின் அடியில் உள்ள அந்தப் 'பின்', பிடியில் உள்ள குழிக்குள் உட்காரவில்லை, அல்லது வார்ப்பின் பிசிறு உள்ளே தடுக்கிறது. பிசிறை பிளேடால் சீவிவிடலாம். இடைவெளியை ஸ்குரூவை முறுக்கி மூடப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. மரைத்துண்டு பிடுங்கிக்கொண்டு வந்து, பிறகு ஸ்குரூ சும்மா சுற்றும். ஒற்றைத் துண்டுப் பிடி இறுக்கமாக இருந்தால், உள்ளே கொஞ்சம் ரப்பிங் ஆல்கஹால் தடவுங்கள். வழுக்கி ஏறிய பின் அது ஆவியாகிவிடும். எண்ணெய் தடவாதீர்கள்.

ஸ்குரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் வந்ததும் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. இரண்டு விரலால் பிடித்து, தலை உட்காரும் வரை திருப்பி, அதற்கு மேல் கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். அதிர்வில் கழன்றால் தலையின் ஓரத்தில் ஒரு துளி நெயில் பாலிஷ் போதும். திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு உண்டாக்கும், அதனால் பிடி தயாரிப்பாளர் சொல்லாமல் ஊற்ற வேண்டாம்.

கடைசியாகச் சோதனை. துப்பாக்கி காலி என்று மறுபடியும் உறுதி செய்து, பாதுகாப்பான திசையில் நீட்டி, டிரிகரை மெதுவாக இழுங்கள். .22 தோட்டா போடும் மாடலாக இருந்தால் டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு மட்டும் இழுங்கள். முன்பு இல்லாத உரசலோ கனமோ தெரிந்தால் பிடியின் உட்புறம் ஸ்பிரிங்கைத் தொடுகிறது என்று அர்த்தம். கழற்றி, உரசிய தடம் எங்கே என்று பார்த்து அந்த இடத்தைச் சீவுங்கள். சிலிண்டர் திறக்கும் லாச்சைப் பிடி தடுக்கிறதா என்று பாருங்கள். டம்மி தோட்டாக்களைப் போட்டு வெளியே தள்ளும்போது இடப்பக்க விளிம்பில் எதுவும் முட்டக் கூடாது. எல்லாத் தோட்டாக்களையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீடுலோடர் பயன்படுத்துபவர்களுக்கு முக்கியமான இடம் இதுதான். பருத்த பிடிகள் லோடரை நேராக இறங்க விடாது.

முதல் முறை சுட்டுவிட்டு வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து, அந்த ஸ்குரூவை ஒரு தடவை சரிபாருங்கள். புது ரப்பர் சற்று அமுங்கியிருக்கும், ஸ்குரூ கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்கும்.