கம்பெனி விக்கியை கிளவுடுக்கு மாற்றுவது எப்படி: மீடியாவிக்கிக்கு ஒரு திட்டம்

ஆபீஸில் ஏதோ ஒரு பழைய சர்வரில், விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளான மீடியாவிக்கி பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது அதை கிளவுடுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் நிலைமை இதுதான் என்றால் மேலே படியுங்கள். கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்காக இதைச் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். அசெம்பிளி முறைகள், வைண்டிங் அளவுகள், சர்வீஸ் புகார்களுக்கான தீர்வுகள் என்று அவர்கள் விக்கியில் பாதிக்கு மேல் தமிழ்ப் பக்கங்கள். அந்தத் தமிழால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகிறது.

கிளவுடில் ஒரு லினக்ஸ் மெஷின் எடுக்கவும் அப்பாச்சி, பிஹெச்பி, மரியாடிபி போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகள் மீடியாவிக்கியின் கையேட்டிலேயே தெளிவாக இருக்கின்றன. எதை, எந்த வரிசையில் செய்வது என்பதை மட்டும் பார்ப்போம்.

படி 1: என்னென்ன போக வேண்டும்?

டேட்டாபேஸ், இமேஜஸ் ஃபோல்டர், விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு, கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷன்கள். இமேஜஸுக்குள் இருக்கும் தம்ப் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். அதிலிருப்பவை சின்ன அளவுப் படங்கள்தான், விக்கியே திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

சிறப்புப் பக்கங்களில் 'பதிப்பு' என்ற பக்கத்தைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் முழுக்க வரும். ஒவ்வொன்றையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாததை டெஸ்ட் காப்பியில் அணைத்துப் பார்த்துவிட்டுக் கழித்துக்கட்டலாம்.

விக்கிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருப்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸ் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி வழியாக லாகின் நடந்தால், கிளவுடிலிருந்து அதை எட்ட விபிஎன் வேண்டும், அல்லது லாகின் முறையையே மாற்ற வேண்டும். பக்கங்களுக்குள் 192.168 என்று தொடங்கும், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டுமே திறக்கும் லிங்க்குகள் கட்டாயம் இருக்கும். மீடியாவிக்கியுடனேயே வரும் ரீப்ளேஸ் டெக்ஸ்ட் எக்ஸ்டென்ஷனில் மொத்தமாக மாற்றிவிடலாம்.

படி 2: பதிப்பு

2024 டிசம்பரில் வந்த 1.43, 2027 டிசம்பர் வரை ஆதரவு உள்ள எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு. அதற்குப் போய்விடுங்கள். ஆனால் 1.35-க்கு முந்தையதிலிருந்து நேரே தாவ முடியாது. 1.27 வைத்திருப்பவர் முதலில் 1.35-க்கு ஏறி, அங்கிருந்து 1.43-க்குப் போக வேண்டும். இதில் ஒரு சிக்கல்: 1.43-க்கு பிஹெச்பி 8.1 தேவை, 1.35-க்கு 7.4 தான் ஒத்துவரும். இதற்காகப் புது சர்வரில் இரண்டு பிஹெச்பி போட்டு அல்லாடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் 1.35-ஐ ஓட்டி, நடுப்படியை அங்கேயே முடித்துவிடுங்கள்.

படி 3: எங்கே வைப்பது?

அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஹைதராபாத் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில் சவுத் இந்தியா ரீஜியன் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு கம்பெனி விக்கிக்கு எதுவாக இருந்தாலும் சரி. தனியாக மேனேஜ்டு டேட்டாபேஸ் வாங்குவது என்னைக் கேட்டால் வீண் செலவு. ஒரே மெஷினில் எல்லாம் இருக்கட்டும், தினமும் ஒரு டம்ப் (டேட்டாபேஸை அப்படியே கோப்பாக எடுத்த நகல்) வேறு இடத்துக்குப் போகட்டும், அது போதும்.

படி 4: டேட்டாபேஸும் தமிழும்

இங்கே அவசரப்படாதீர்கள். பழைய டேட்டாபேஸில் 'பேஜ்' டேபிளின் அமைப்பை எடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் கேரக்டர் செட், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, 'லத்தீன்1' என்று இருக்கலாம். லத்தீன் எழுத்துக்கான டேபிளில் தமிழ் எப்படி வேலை செய்கிறது என்று குழப்பமாக இருக்கும். மீடியாவிக்கி அந்த அறிவிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. தமிழையும் எழுதக்கூடிய யூனிகோட் முறையான யூடிஎஃப்-8-இன் பைட்டுகளை அப்படியே உள்ளே போட்டு, அப்படியே வெளியே எடுத்துக்கொள்ளும். அதனால் இத்தனை வருஷமும் பிரச்சினை தெரிந்திருக்காது.

டம்ப் எடுத்து எடிட்டரில் திறந்ததும், 'லத்தீன்1 தப்பாயிற்றே' என்று எல்லா இடத்திலும் யூடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யூடிஎஃப்-8க்கான பெயர்) என்று மாற்றத் தோன்றும். இணையத்தில் பல பேர் அப்படிச் செய்யச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் டம்ப் எடுக்கும் கருவி அந்த பைட்டுகளை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி, அவற்றை யூடிஎஃப்-8க்கு மாற்றி எழுதுகிறது. அதாவது ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருப்பது இன்னொரு தரம் யூடிஎஃப்-8 ஆகிறது. டேபிள் அறிவிப்பு லத்தீன்1 ஆகவே இருந்தால், திரும்ப ஏற்றும்போது அது பழையபடி இறங்கிவிடும். அறிவிப்பை மாற்றிவிட்டால் இறங்காது, இரட்டையாகவே தங்கிவிடும்.

பார்த்தவுடன் அடையாளம் தெரியும். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால் கெட்டுப்போன தலைப்பில், மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ' மூன்று எழுத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டி, டிரேட்மார்க் பதிவுக்குப் போடுவார்களே, வட்டத்துக்குள் 'ஆர்', அது நிற்கும். புள்ளி, உகரம், ஏகாரம் வரும் இடத்தில் வட்டத்துக்குப் பதிலாக ஒரு சின்ன மேல்கோடு.

இதில் ஆளை ஏமாற்றுவது என்னவென்றால், கட்டுரை நன்றாகவே இருக்கும். பக்கத்தின் உள்ளடக்கம், எழுத்தாகப் பார்க்காமல் வெறும் பைட்டாக வைக்கும் பிளாப் வகைப் பத்தியில் இருப்பதால் அதை யாரும் மாற்றுவதில்லை. கெடுவது தலைப்பு, பகுப்பின் பெயர், பயனர் பெயர், படத்தின் பெயர். முதற்பக்கத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அது ஜம்மென்று திறக்கும், தமிழும் சரியாகத் தெரியும். 'இம்பெல்லர் பொருத்தும் முறை' என்ற லிங்க் மட்டும் சிவப்பாக நிற்கும், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று. ஆகவே முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு 'ஓகே' சொல்லாதீர்கள். 'அனைத்துப் பக்கங்கள்' பட்டியலைத் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டம்ப் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் கேரக்டர் செட் 'பைனரி' என்று சொல்லுங்கள், டேபிள் அறிவிப்பில் கை வைக்காதீர்கள். பிஹெச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்வதைத் தவிருங்கள், கட்டளை வரிதான் இதற்குச் சரி.

படி 5: கதவைச் சாத்துவது

ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் லாகின் இல்லாமலே எல்லோரும் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கிளவுடில் அதே அமைப்பு இருந்தால் ஊரே படிக்கும். பெயர் தெரியாதவருக்குப் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, கணக்குத் தொடங்கும் உரிமை மூன்றையும் லோக்கல்செட்டிங்ஸில் நிறுத்துங்கள்.

அதோடு முடியவில்லை. இந்த உரிமைகள் பக்கங்களுக்குத்தான். படங்களையும் பிடிஎஃப்களையும் அப்பாச்சி நேரடியாக எடுத்துக் கொடுக்கிறது, விக்கியைக் கேட்பதே இல்லை. முகவரி தெரிந்தவர் யாரும் உங்கள் டிராயிங்கை இறக்கிக்கொள்ளலாம். இமேஜஸ் ஃபோல்டரை வெப் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்தி, கோப்புகள் 'ஐஎம்ஜி ஆத்' என்ற மீடியாவிக்கி ஸ்கிரிப்ட் வழியாகவே போகும்படி அப்லோடு பாதையை மாற்றுங்கள். அப்புறம் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒரு பிடிஎஃப்பின் நேரடி முகவரியைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

படி 6: ஒத்திகை, பிறகு மாற்றும் நாள்

காப்பியை வைத்து மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு தரம் முழுதாகச் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் விக்கியைப் பூட்ட வேண்டியிருக்கும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். தளம் திறக்கிறதா என்று ஐடி ஆட்கள் பார்ப்பார்கள். அசெம்பிளியில் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால்தான் எந்தப் பக்கம் காணோம் என்று தெரியும்.

முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நாளில் பழைய விக்கியை ரீட்ஒன்லி ஆக்குங்கள். அந்த அமைப்பில் எழுதும் வாசகம் பயனருக்கு அப்படியே தெரியும், அதனால் 'திங்கள் காலை 9 மணி முதல் எழுதலாம்' என்பதுபோல நேரத்தோடு எழுதுங்கள். பிறகு டம்ப், ஏற்றம், டேபிள்களைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் அப்டேட் ஸ்கிரிப்ட், சோதனை, கடைசியில் டிஎன்எஸ். பழைய சர்வரை உடனே கழற்ற வேண்டாம். ஐபி முகவரியை புக்மார்க் செய்தவர்களுக்காக, புது முகவரிக்கு அனுப்பும் ரீடைரக்ட்டோடு கொஞ்ச நாள் ஓடட்டும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரி, பாஸ்வேர்டு ரீசெட் மெயில் மட்டும் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஸ்பாமில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது மெஷினை விட்டே கிளம்பியிருக்காது. ஏடபிள்யூஎஸ்ஸிலும் கூகுள் கிளவுடிலும் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட் முன்னிருப்பாக அடைபட்டிருக்கும். கம்பெனியின் மெயில் கணக்கையே, அது ஜோஹோவோ கூகுளோ, லோக்கல்செட்டிங்ஸின் எஸ்எம்டிபி அமைப்பில் 587-ஆம் போர்ட்டோடு கொடுங்கள். லாகின் இல்லாமல் படித்துப் பழகியவர்களுக்கு முதல் நாளே பாஸ்வேர்டு தேவைப்படும், அதனால் இதை ஒத்திகையிலேயே சோதித்துவிடுவது நல்லது.